ஐஞ்சரை லட்சத்துக்கு ஒரு கமரா

கமரா மாத்துவமா, விடுவமா? போன பொங்கலில் இருந்து நாங்கள் நாலு பேரும் கதைக்கிற கதை இதுதான். கன்ரீனில் கதைத்தோம், அறையில் கதைத்தோம், விரிவுரை நடக்கும்போது வட்ஸ்அப்பிலும் கதைத்தோம். ஒரு கட்டத்தில் பக்கத்து அறைப் பெடியன் "வாங்குங்கோ, இல்லாட்டி விடுங்கோ, எங்களை நித்திரை கொள்ள விடுங்கோ" என்று சொல்லுமளவுக்குப் போய்விட்டது. இப்போது ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம். உங்களில் கனபேர் இதே கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பீர்கள் என்பதால் எங்கட கணக்கை அப்படியே எழுதுகிறோம்.

எங்களிடம் இருப்பது கெனன் 700டி. 2013இல் வந்த கமரா. கம்பஸுக்கு வந்த முதல் வருஷம் நாலு பேரும் காசு போட்டு 85,000 ரூபாய்க்கு செக்கண்ட் ஹான்டில் வாங்கினோம். அதோடு வந்த 18-55 லென்ஸ், ஒரு பற்றரி, கீறல் விழுந்த பை. 18 மெகாபிக்சல். கலைப்பீடத்தில் நடக்கிற எந்த விழாவுக்கும் "உவையைக் கூப்பிடுங்கோ, உவையிட்ட கமரா இருக்கு" என்று பெயர் வந்தது இதனால்தான். இரவுக் கூத்து, பட்டிமன்றம், துறைப் பயணம், அக்காமாரின் பட்டமளிப்பு எல்லாம் இதில்தான். இடையில் ஒரு ஸ்ரூடியோவுக்கு இரண்டாவது கமராவாகக் கலியாண வீடுகளுக்கும் போகத் தொடங்கினோம்.

மாற்ற வேண்டும் என்ற கதையே கலியாண வீட்டில்தான் தொடங்கியது. ஸ்ரூடியோ அண்ணை நல்ல மனுஷன். எங்கட படங்களைப் பார்த்துவிட்டு, "படம் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா உந்தக் கமராவை மாப்பிள்ளை வீட்டுக்காரருக்கு முன்னால தூக்கேலாது. அவையள் கனடாவில இருந்து வந்து நிக்கினம்" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் அடுத்த சீசனில் புதுப் பொடி வைத்திருக்கிற ஆட்களைத்தான் கூப்பிடப்போகிறார் என்று எங்களுக்கு விளங்கிவிட்டது. (பொடி என்றால் லென்ஸ் இல்லாத வெறும் கமரா. கலியாண வீட்டில் பெயர் கேட்க முதல் "என்ன பொடி?" என்றுதான் கேட்பார்கள்.)

நாங்கள் பார்த்து வைத்தது கெனன் ஆர்8. 2023இல் வந்தது, முழுச் சட்டக சென்சர், 24 மெகாபிக்சல். இதைவிடப் பெரிய கமராக்கள் இருக்கின்றன. அவற்றின் விலையைக் கேட்கவே எங்களுக்குத் துணிவில்லை. ஆர்8 அமெரிக்காவில் வெளிவந்தபோது பொடி மட்டும் 1,499 டொலர். ஒரு டொலருக்கு 300 ரூபாய் என்று வைத்தாலே நாலரை லட்சம். அதற்குமேல் வற் வரி 18 வீதம். கடையில் எங்களுக்குச் சொன்ன விலை 540,000. இது 2022 தொடக்கமாக இருந்திருந்தால் டொலர் 200 ரூபாய், வற் 8 வீதம். அதே கமரா மூன்றேகால் லட்சம் அளவில் நின்றிருக்கும். (கமரா அப்போது வரவில்லைதான், கணக்குக்குச் சொல்கிறோம்.) அந்த வருஷம் மார்ச்சுக்கும் மேக்கும் இடையில் டொலர் 360 வரைக்கும் ஏறியதை நாங்கள் பெற்றோல் வரிசையில் நின்று பார்த்தோம். நாட்டின் நெருக்கடி கமரா விலைக்குள்ளும் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

2025இல் மகாபொல மாதம் 7,500. எங்களில் ஒருத்திக்குத்தான் அது கிடைக்கிறது. சாப்பிடாமல், பஸ் ஏறாமல், போட்டோகொப்பி அடிக்காமல் அதை அப்படியே சேர்த்தாலும் 540,000க்கு 72 மாதம் வேண்டும். எங்கட பட்டமே நாலு வருஷம்.

இனி வெளிச்சத்துக்கு வருவோம். ஏனென்றால் எங்கட உண்மையான பிரச்சினை வெளிச்சம்தான். கூத்து இரவில் நடக்கும். இரண்டு ரியூப் லைட், ஒரு மஞ்சள் பல்ப். ஆடுகிறவர் சுழன்றால் ஷட்டர் வேகம் வேண்டும். வேகம் கூட்டினால் படம் இருளும். ஐஎஸ்ஓவை 6400க்கு ஏற்றினால் படம் முழுக்க மணல் கொட்டின மாதிரி ஆகிவிடும். முழுச் சட்டக சென்சர் வாங்கினால் இது தீரும் என்று யூரியூப்பில் எல்லாரும் சொல்கிறார்கள். நாங்களும் நம்பினோம். பிறகு எங்களில் புவியியல் படிக்கிறவன் கொப்பியில் கீறிக் காட்டினான்.

எங்கட 700டியின் சென்சர் கிட்டத்தட்ட 22.3க்கு 14.9 மில்லிமீற்றர். முழுச் சட்டகம் 36க்கு 24. பரப்பளவைப் பெருக்கிப் பார்த்தால் இரண்டாவது 2.6 மடங்கு. அதாவது சென்சரின் அளவால் மட்டும் வருகிற வெளிச்ச லாபம் 2.6 மடங்கு. எங்கட லென்ஸ் 55க்கு நீட்டினால் எஃப் 5.6. அதற்குப் பதிலாக எஃப் 1.8 திறக்கிற 50 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்றைப் போட்டால் கிடைக்கிற வெளிச்சம் கிட்டத்தட்ட 10 மடங்கு. அந்த லென்ஸ் செக்கண்ட் ஹான்டில் 40,000க்குள் கிடைக்கிறது. ஐஞ்சரை லட்சத்துக்கு 2.6 மடங்கு, நாற்பதாயிரத்துக்கு 10 மடங்கு. இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கவில்லை.

கணக்கு முழுக்க நியாயமானது இல்லை என்பதையும் சொல்லத்தான் வேணும். புதுக் கமராவின் சென்சர் பத்து வருஷம் இளமையானது. அதே ஐஎஸ்ஓவில் துப்புரவாக எடுக்கும். அது ஆளின் கண்ணைத் தேடிப் பிடித்துத் தானே ஃபோகஸ் பண்ணும். எங்கட கமராவில் இருப்பது 9 புள்ளி. மணவறையைச் சுற்றி ஆட்கள் நிற்கும்போது அந்த 9 புள்ளிக்குள் பொம்பிளையின் முகத்தைக் கொண்டுவர நாங்கள் படுகிற பாடு எங்களுக்குத்தான் தெரியும். எஃப் 1.8இல் எடுத்தால் ஒரு கண் தெளிவு, காது மங்கல். இரண்டு பேர் முன்னும் பின்னும் நின்றால் ஒருவர் அவ்வளவுதான். 50 லென்ஸை எங்கட கமராவில் போட்டால் 80 மாதிரித்தான் தெரியும், சின்ன அறைக்குள் முதுகு சுவரில் இடிக்கும். எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டும் அந்தப் பத்து மடங்கை எங்களால் மறக்க முடியவில்லை.

இன்னொரு விஷயம், கடையில் ஒருத்தரும் தானாகச் சொல்லாதது. எங்கட 18-55 லென்ஸை அடப்ரர் போட்டு ஆர்8இல் பூட்டலாம். ஆனால் அது சின்ன சென்சருக்குச் செய்த லென்ஸ். பூட்டினால் கமரா நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுக்கும். 24 மெகாபிக்சலில் மிஞ்சுவது 9 அளவு. ஐஞ்சரை லட்சம் குடுத்து 18இல் இருந்து 9க்கு இறங்குவது! ஆகவே புது லென்ஸும் வேண்டும். பழைய பற்றரியும் பூட்டாது. ஆக 540,000 என்பது தொடக்க விலை மட்டும்தான்.

கூத்துப் படங்களில் கருப்புக் கோடுகள் விழுகிறது என்றும் குறைப்பட்டுக்கொண்டிருந்தோம். அது கமரா பழசு என்பதால் இல்லை. எங்கட கரண்ட் 50 ஹேர்ட்ஸ், லைட் ஒரு செக்கனுக்கு 100 தரம் மின்னுகிறது. ஷட்டரை 1/100 அல்லது 1/50இல் வைத்தால் கோடு போய்விடும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

மெகாபிக்சலைப் பற்றியும் ஒரு வரி. 700டியின் படம் 5184க்கு 3456 பிக்சல். 12க்கு 18 அங்குலத்தில் பிரின்ற் போட்டாலும் அங்குலத்துக்கு 288 புள்ளி வருகிறது. போனில் பார்க்கிறவருக்கு, கன போன்களில் திரை அகலமே 1080 பிக்சல். வட்ஸ்அப்பில் அனுப்பினால் அதுவும் நசுங்கித்தான் போகிறது.

"கமரா முக்கியமில்லை, கண்தான் முக்கியம்" என்று எங்களுக்கு அறிவுரை சொன்ன ஆட்களும் இருக்கிறார்கள். அந்த வசனத்தில் எங்களுக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. இலங்கையில் புகைப்படம் என்றால் எல்லாரும் முதலில் சொல்கிற லயனல் வென்ட் பாவித்தது ரோலிஃபிளெக்ஸும் லைக்காவும். அந்தக் காலத்தின் மிக நல்ல கமராக்கள் அவை. அவரிடம் கண்ணும் இருந்தது, காசும் இருந்தது. கமரா முக்கியம்தான். எந்த வேலைக்கு முக்கியம் என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடத்தான் எங்கட இரண்டு வேலைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒன்று கலியாண வீடு. மற்றது காசு வராத வேலை.

போன வருஷம் வாய்மொழி வரலாறு ஒப்படைக்காக புதுக்குடியிருப்புப் பக்கம் சில வீடுகளுக்குப் போனோம். கேள்வி கேட்டு, ஒலிப்பதிவு செய்து முடித்து, தேத்தண்ணி குடிக்கும்போது ஒரு அம்மா உள்ளே போய் சொப்பிங் பை ஒன்றைக் கொண்டுவந்தா. அதற்குள் இன்னொரு பை, அதற்குள் ஒரு படம். நாலாக மடித்திருந்தது. "இதை ஒருக்கா உங்கட கமராவில எடுத்துத் தாங்கோ பிள்ளையள். நாளைக்கு இதுவும் இல்லாமப் போயிடும்" என்றா. 2009இல் இடம்பெயர்ந்தபோது அல்பத்தை விட்டுவிட்டு, அதில் இருந்த ஒரு படத்தை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறா. அடுத்த கிழமை அவவின் தங்கச்சி கூப்பிட்டா. அதற்கடுத்த கிழமை பக்கத்து வீடு. ஒப்படை முடிந்து புள்ளியும் வந்துவிட்டது, நாங்கள் இன்னும் போய்க்கொண்டிருக்கிறோம். இதுவரை 130 படம் அளவில் எடுத்திருக்கிறோம்.

எப்படி எடுக்கிறோம் என்று கனபேர் கேட்டதால் சொல்கிறோம். காலை வெளிச்சம், விறாந்தை. நேர் வெயில் கூடாது. மேசையில் கறுப்புத் துணி விரித்து படத்தை வைப்போம். ட்ரைபொட்டில் கமராவை நேரே கீழே பார்க்க வைத்து, சென்சரும் படமும் சமாந்தரமா என்று போனில் மட்டம் பார்ப்போம். ஐஎஸ்ஓ 100, எஃப் 8, கை படாமல் இரண்டு செக்கன் ரைமர். ஃப்ளாஷ் போடவே கூடாது. லமினேற் பண்ணின படம் என்றால் எங்கட முகமே அதில் தெரியும், அதற்கு ஒரு பழைய கறுப்புக் குடையை விரித்து, நடுவில் துளை போட்டு, லென்ஸை அதற்குள்ளால் விடுவோம். கண்ணாடிச் சட்டத்தோடு ஒட்டிப்போன படத்தை உரிக்கக் கூடாது. உரித்தால் முகம் கண்ணாடியில் நிற்கும், தாள் கையில் வரும். கண்ணாடியோடு சேர்த்தே எடுக்க வேண்டும். பிறகு கணினியில் மடிப்புக் கோடுகளை மட்டும் துப்புரவாக்குவோம். முகத்தில் கைவைப்பதில்லை. இப்போது ஏஐயில் போட்டால் பழைய முகம் பளிச்சென்று வரும். அப்படி வருகிற முகம் ஆருடையது என்று எங்களுக்குத் தெரியாது, அதனால் அதைத் தொடவில்லை.

ஒரு வீட்டில் இருந்தது மகனின் அடையாள அட்டை மட்டும். வேறு படமே இல்லை. அட்டையில் முகம் பெருவிரல் நகத்தளவு. எங்கட கமராவில் எடுத்துப் பெருப்பித்தோம். ஒரு அளவுக்கு மேலே போனால் மூக்கும் கண்ணும் புள்ளியாக உடைகிறது. அந்த அம்மா கமராத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தா. "பெரிசாக்காதேங்கோ பிள்ளை. பெரிசாக்கினா அவன்ர முகம் இல்லாமப் போகுது" என்றா. பாஸ்போட் அளவை விடக் கொஞ்சம் பெரிதாக, கையில் அடங்கும்படி போட்டுக் கொடுத்தோம். அட்டையில் இல்லாததை ஆர்8ஆலும் எடுக்க ஏலாது.

எங்களுக்கு மனதுக்குப் பிடித்த இந்த வேலைக்கு, ஐஎஸ்ஓ 100இல் ட்ரைபொட்டில் நிற்கிற 700டி தாராளம். புதுக் கமரா வேண்டும் என்று கேட்பது மற்ற வேலை, கலியாண வீடு. அதற்கு வாங்கினால் கடனை அடைக்கக் கலியாண வீட்டுக்கே போக வேண்டும். ஒரு கலியாணத்துக்கு எங்களுக்கு வருவது 10,000. பஸ், சாப்பாடு போக 8,000 நிற்கும். 540,000ஐ வகுத்தால் 68 கலியாணம். மாதம் இரண்டு கிடைத்தால் மூன்று வருஷத்துக்கு இரண்டு மாதம் குறைவு. ஆடியும் மார்கழியும் கலியாணம் இல்லை. சோதனைக் காலத்தில் போக ஏலாது. முகூர்த்த நாள் பெரும்பாலும் சனி ஞாயிறைப் பார்த்து வைப்பார்கள், நாங்கள் புதுக்குடியிருப்புக்குப் போகிறதும் சனி ஞாயிறுதான்.

இதற்கிடையில் எங்களில் மட்டக்களப்புக்காரியின் அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "என்ட காப்பு சும்மாதானே கிடக்கு மகள், வெச்சு எடுங்களன்" என்று போனில் சொல்லியிருக்கிறா. அந்தக் காப்பு 2022இல் ஒருமுறை அடகுக்குப் போய் ஒன்றரை வருஷம் கழித்துத்தான் கைக்கு வந்தது. இதை எங்களிடம் சொல்லிவிட்டு, "நான் வேண்டாம் எண்டு சொல்லிற்றன், நீங்களும் கேக்காதீங்க" என்றாள். ஒருத்தரும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் காப்பு எங்கட கதைக்குள் வந்த பிறகு கமராவின் விலை ரூபாயில் தெரிவது நின்றுவிட்டது.

எங்களில் கிளிநொச்சிக்காரன் கடைசிவரை வாங்க வேண்டும் என்றுதான் நின்றான். அவன் சொன்னது: "அப்பா ஓட்டோவை லீசிங்கிலதான் எடுத்தவர். சும்மா நிக்கிற ஓட்டோ எண்டா கடன், ஓடுற ஓட்டோ எண்டா சோறு. எனக்கு இது சோறு. உங்களுக்கு வேற தொழில் வரும், நான் இதைத்தான் செய்யப்போறன்." எங்களிடம் இதற்குப் பதில் இல்லை, தேடவும் இல்லை. அவன் சொல்வது சரி. பட்டம் முடித்துவிட்டு வேலைக்காக வருஷக் கணக்கில் காத்திருக்கிற அண்ணாமாரை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். நாங்கள் போட்ட கணக்கு நாலு பேர் சேர்ந்து வைத்திருக்கிற ஒரு கமராவுக்கானது. முழுநேரமாக இறங்குகிற ஒருவனுக்கு 68 கலியாணம் ஒரு வருஷத்து வேலையாகக்கூட இருக்கலாம். எங்கட முடிவை எடுத்து அவனுக்குப் பூட்ட ஏலாது.

கடைசியில் நடந்தது இதுதான். நாலு பேரும் சேர்ந்து ஆர்8 வாங்கவில்லை. 38,000க்கு 50 லென்ஸ் ஒன்றை செக்கண்ட் ஹான்டில் எடுத்தோம். எடுக்க முதல் போன் ரோர்ச்சை ஒரு பக்கத்தால் அடித்து மற்றப் பக்கத்தால் பார்த்தோம். எங்கட ஊர்ப் புழுக்கத்துக்கு லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சணம் பிடிக்கும், அது பரவும். நீங்களும் வாங்கினால் அதைப் பாருங்கோ. காற்றுப் போகாத சாப்பாட்டுப் பெட்டியில் சிலிக்கா பையோடு வையுங்கோ. அரிசிக்குள் வைக்கச் சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம், தூசுதான் மிச்சம். போன கிழமை கூத்துக்கு அந்த லென்ஸைக் கொண்டுபோனோம். ஐஎஸ்ஓ 800. பாதிப் படத்தில் ஃபோகஸ் இல்லை. மிச்சப் பாதியைப் பார்த்து அண்ணாவியார் தன்ர போனுக்கு அனுப்பச் சொன்னார்.

கிளிநொச்சிக்காரன் இன்னொரு ஸ்ரூடியோவில் கதைத்து, கலியாண நாளில் மட்டும் பெரிய பொடி ஒன்றை 6,000க்கு வாடகைக்கு எடுக்கிறான். பத்துக் கலியாணம் செய்து பார்த்து, கையில் காசு நின்றால் தன் பெயரில் வாங்கப்போகிறானாம். 700டியில் அவன்ர பங்கைத் திருப்பித் தரவா என்று கேட்டோம். "விசரே உங்களுக்கு" என்றான்.

இந்த மாதக் கடைசிச் சனி திரும்பவும் போகிறோம், அவனும் வருகிறான். 23 படம் காத்திருக்கிறது. அதில் ஒன்று 1987இல் எடுத்த கலியாணப் படமாம். தண்ணி பட்டு, மாப்பிள்ளை நிற்கிற பக்கம் கண்ணாடியோடு ஒட்டிப்போய்விட்டது என்று போனில் சொன்னார்கள். உரிக்க வேண்டாம், வெயிலில் வைக்கவும் வேண்டாம், நாங்கள் வரும்வரைக்கும் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறோம்.